ஆத்தடித் தோட்டத்துக்கு ஒரு தட்டு

காலை ஆறரைக்குச் சிரம்பானில் எங்கள் அம்பாங்கான் வீட்டைப் பூட்டும்போதே எனக்கு முதுகு வலித்தது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய முதுகு. ஞாயிற்றுக்கிழமையாவது அதைச் சும்மா விட்டிருக்கலாம். ஆனால் என் மனைவி ராஜேஸ்வரி மடியில் தட்டோடு காரில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடமாகிவிட்டது. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், ஒரு பட்டு வேட்டி, அரக்கு நிறத்தில் ஒரு சேலை. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகை.

சாமிக்கு ஒன்று வைத்தாயிற்று. மனிதர்களில் முதல் தட்டு தாய்மாமனுக்கு. அவருக்கு வைத்த பிறகுதான் மற்ற யாருக்கும் என்பதில் ராஜி உறுதியாக இருந்தாள். மற்ற பத்திரிகைகள் கட்டுக் கட்டாக அலமாரியில் காத்துக் கிடந்தன.

"இப்பல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா போதும்லா, ம்மா" என்று மகள் முதல் நாள் சொல்லிப் பார்த்தாள். ராஜி அவளைப் பார்த்த பார்வையில் பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அதற்குக் காரணம் உண்டு. தாய்மாமன் என்பவர் ராஜியின் அண்ணன் சுப்பிரமணியம். எல்லோருக்கும் மணியம். மூன்று வருடத்துக்கு முன் என் மாமியார் இறந்த அன்று அவர் காட்டு வேலையில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. நாங்கள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ ஒரு சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிட்டான். சாயங்காலம் மேட்டில் ஏறி லைன் கிடைத்ததும் மனிதர் பார்த்தது, ஒரு ரோஜாப்பூ காலை வணக்கத்துக்குக் கீழே தன் தாயின் சாவு. வந்தார், கொள்ளி வைத்தார், ஒருவரோடும் பேசாமல் போனார். நம்பரை மாற்றினார், இருந்த தோட்டத்தையும் விட்டார். பிறகு எங்கோ கல்யாணம் கட்டிக்கொண்டு ஆத்தடித் தோட்டத்தில் இருக்கிறார் என்று காதில் விழுந்தது. அந்த அண்ணியை நாங்கள் பார்த்ததில்லை. சிரம்பான் தெமியாங்கில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் விசாரித்தேன். "ஆத்தடியா? ஜெலுபு பக்கம்லா, திரியாங் ஆத்தோரம்" என்றார். அதை நம்பித்தான் புறப்பட்டோம்.

சிரம்பானிலிருந்து ஜெலுபு மாவட்டத்தின் தலைநகரான குவாலா கிளாவாங் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தூரத்தில் பாதியை புக்கிட் தங்கா மலை தின்றுவிடுகிறது. வளைவுக்கு வளைவு ராஜி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், தேங்காய் உருண்டு பத்திரிகை மேல் ஏறப் பார்த்தது. என் பழைய சாகா கார் உச்சியை எட்டுவதற்குள் சூட்டு முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு, ஆறும் வரை காத்திருந்தோம். மலைக்கு இந்தப் பக்கம் ஈரமும் பனியுமாக இருந்தது. இறங்கியதும் வேறு நாடு. மேற்கிலிருந்து வரும் மழையை மலைத்தொடர் தடுத்துவிடுவதால் நாட்டிலேயே மழை குறைந்த இடம் ஜெலுபு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. படித்தபோது அது பரீட்சைக் கேள்வி. இப்போது தொண்டையில் தெரிந்தது.

குவாலா கிளாவாங்கில் ஒரு மலாய்க்காரக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் சாப்பிட்டோம், இருவருக்கும் ஒன்பது ரிங்கிட். கடை வாசலில் நீலத் தொட்டிகள் வரிசையாக நின்றன. குழாயில் தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கிறதாம், லோரியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்களாம். கடைக்காரர் குவளையைக் கழுவாமல் துணியால் துடைத்து வைத்தார். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அங்கிருந்து சிம்பாங் பெர்தாங் பக்கம் போகிற சாலையில் இந்த வட்டாரத்தின் பிழைப்பு முழுவதும் கார் கண்ணாடி வழியாகவே தெரிந்துவிடும். கூரை முனைகள் மாட்டுக் கொம்பாக நிமிர்ந்த மலாய் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் நடவு இல்லாமல் புல் மண்டிய வயல்கள். சீனர்களின் டுரியான் தோப்புகளைச் சுற்றிப் புதுக் கம்பிவேலி. சாலையோரத்தில் பெத்தாய்க் காய்க் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்கும் பூர்வகுடிக் குடும்பம் ஒன்று. மிச்சமெல்லாம் மரம். ஒரு பக்கம் எண்ணெய்க்கான செம்பனை, இன்னொரு பக்கம் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும் ரப்பர். இலையில்லாத காலத்தில் பால் வெட்ட முடியாது. ஆகவே அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் திரியாங் ஆறு எட்டிப் பார்த்தது. ஆறு என்று பெயர், உண்மையில் மணல்தான். ஓர் ஓரத்தில் மட்டும் தேநீர் நிறத்தில் கொஞ்சம் ஓடியது. மணலை அள்ளி ஏற்றிக்கொண்டு லோரிகள் எதிரே வந்தபடி இருந்தன. தண்ணீர் வற்றினாலும் ஆற்றிலிருந்து காசு வருவது நிற்கவில்லை.

இந்த மரங்களையெல்லாம் நட்டவர்கள் எங்கள் ஆட்கள். இப்போது அவர்களின் பிள்ளைகள் செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து ஏறுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. லயத்து வரிசை வீடுகளின் வாழ்க்கையை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், அந்தக் கழிவறைக்கு வரிசையில் நின்றவன் நான்.

பதினொரு மணிக்கு ஆத்தடித் தோட்டத்தின் செம்மண் பாதையில் திரும்பினோம். இந்தப் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. பலகையில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும், நம் ஆட்கள் வைத்த பெயர் வாயில்தான் இருக்கும். தடுப்புக் கட்டையருகே பச்சைச் சட்டையோடு தோட்ட மேற்பார்வையாளரான ஒரு மண்டோர் நின்றார். வங்காளதேசத்துக்காரர், பெயர் ரஃபீக். நான் மலாயில் ஆரம்பித்தேன், அவர் தமிழில் முடித்தார்.

"யார பாக்கணும் அண்ணே?"

"மணியம்னு ஒருத்தர்."

"மணியம் அண்ணே வூடு கடைசி லயம். அண்ணே ஆத்துக்குப் போயிருக்கு, பம்பு பாக்க. அக்கா வூட்ல இருக்கு."

பழைய தமிழ் மண்டோர்களிடம் வேலை பழகும்போது பழகிய தமிழாம். இப்போது இந்தத் தோட்டத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றே ஒன்று. மற்ற லயங்களின் கொடிகளில் ஒரே மாதிரிப் பச்சைச் சட்டைகள் காய்ந்தன. வாசல்களில் பெண்களோ குழந்தைகளோ இல்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிற ஆண்கள் மட்டுமே குடியிருக்கும் இடம் இப்படித்தான் வெறிச்சென்று இருக்கும்.

கடைசி வீட்டு வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தொட்டியிலிருந்து வாளிக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். ராஜி தட்டோடு இறங்கினாள்.

"அண்ணே இல்லீங்களா அண்ணி?"

அந்த அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த குவளை வாளிக்குள் விழுந்தது. "இப்ப வந்துருவாரும்மா. உள்ள வாங்க" என்றவர், என்னைப் பார்த்து "வாங்கண்ணே" என்றார்.

"நான் சிரம்பான்ல இருந்து வரேன். தங்கச்சி."

"தெரியுதும்மா. வாயும் மூக்கும் அவரேதான்."

ராஜி அழத் தொடங்கினாள். அந்த அம்மாளும் அழுதார். கோபமெல்லாம் மறந்திடச் சொல்லுங்க அண்ணி என்று இவள் சொல்ல, அவருக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா, ராத்திரியானா ஒங்க பேச்சுத்தான் என்று அவர் சொல்ல, என் கண்ணே கலங்கிவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று தட்டை நீட்டினோம். அவர் சேலை முந்தானையை விரித்துப் பிடித்து, வெற்றிலையிலிருந்து வேட்டி வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். குங்குமம் எடுத்து ராஜி நெற்றியில் வைத்தார். ராஜி அவர் காலில் விழுந்து எழுந்தாள். இத்தனை நடந்தும் ஒரு பெயரை யாரும் சொல்லவில்லை. அண்ணன் பெயரைத் தங்கை சொல்ல வேண்டிய தேவை இல்லை, புருஷன் பெயரை அந்த அம்மாள் சொல்லவே மாட்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறோடு ஒருவர் வந்து இறங்கினார். ஒல்லியாக, வழுக்கைத் தலையோடு, மூக்குக் கண்ணாடி போட்டவர். என் மச்சான் ஆறடி உயரம்.

"யாரும்மா நீங்க?" என்றார் அவர்.

மெல்ல மெல்ல விவரம் வெளியே வந்தது. அவர் பாலசுப்பிரமணியம், அவரும் எல்லோருக்கும் மணியம். அந்த அம்மாள் பெயர் பார்வதி. கிள்ளானில் பாலசுப்பிரமணியத்துக்கு ஒரு தங்கை உண்டு. அண்ணன் இஷ்டப்பட்டுக் கட்டியது பிடிக்காமல் வீட்டுப் பக்கமே வராதவள். பார்வதி அவளைப் பார்த்ததே இல்லை.

"சிரம்பானுக்கு வீடு மாறிட்டாங்க போலன்னு நெனச்சிட்டேன்மா" என்றார் பார்வதி. முந்தானையில் இருந்த சாமான்களைத் தட்டில் திரும்ப வைக்கப் போனார். "ஒங்க அண்ணனுக்குக் கொண்டாந்தது. எடுத்துக்குங்க."

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்தச் சேலை விலை எனக்குத்தான் தெரியும். ஆனால் ராஜி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வச்சத எடுக்கக் கூடாதுண்ணி. நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க" என்றாள். சொல்லிவிட்டு அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வந்து காரில் உட்கார்ந்துகொண்டாள். வெட்கம் ஒரு பக்கம், முதல் தட்டு போய்விட்ட பயம் ஒரு பக்கம். அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவள் முகம் முழுக்க எழுதியிருந்தது.

பாலசுப்பிரமணியம் என் காரின் கதியைப் பார்த்து, தொட்டித் தண்ணீரில் ஒரு குவளை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினார். ஆற்று நீர் பம்புக் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டதாம், மணலைத் தோண்டிக் குழாயை இறக்கிவிட்டு வருகிறாராம். அப்படிப்பட்ட தண்ணீரில் ஒரு குவளை. "ஆத்தடின்னா இது மட்டும் இல்லண்ணே. ஆத்தோரத்துல இருக்க தோட்டமெல்லாம் ஆத்தடிதான். பகாவ் பக்கம் ஒண்ணு இருக்கு, அங்க ஒரு ஒசரமான மணியம் டிராக்டர் ஓட்டுறாருன்னு கேள்வி. வழி தெரியலன்னா கூப்புடுங்க" என்று தன் நம்பரையும் கொடுத்தார்.

சிம்பாங் பெர்தாங்கில் வலப்புறம் திரும்பி, செர்திங் வழியாகப் பகாவ் போய்ச் சேரப் பிற்பகல் ஒன்றரை. வழியெல்லாம் பெல்டா என்ற அரசு நிலத்திட்டக் குடியேற்றங்களின் செம்பனை. முதிர்ந்த மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்த இடங்களில் நிழலே இல்லை. ராஜி காலித் தட்டை மடியிலேயே வைத்திருந்தாள். எனக்குப் பசி.

பகாவ் உயிரோடு இருக்கிற ஊர். தோட்டத்துக்காரர்களும் குடியேற்றக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்திருந்தார்கள், கார் நிறுத்த இடமில்லை. ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். கல்லாவுக்கு மேலே மாதா படம், அதன் கீழே ரோசலின் என்ற அக்கா. தோட்டத்தில் பிறந்து பகாவில் கடை போட்டவர். வேறு வேட்டி, வேறு சேலை எடுத்தோம். அதே அரக்கு நிறம் கிடைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆத்தடின்னா எந்த ஆத்தடி? செர்திங் ஆத்தடியா, ஜெம்போல் ஆத்தடியா?"

ராஜி என்னைப் பார்த்தாள். எனக்குத் தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது. அக்கா விளக்கினார். இங்கே இரண்டு ஆறுகள் கிட்டக் கிட்ட வந்துவிட்டுப் பிரிகின்றன. செர்திங் பகாங் பக்கம் போகிறது, ஜெம்போல் மூவாரில் போய்ச் சேர்கிறது. அந்தக் காலத்தில் வியாபாரிகள் ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்குப் படகைத் தரையில் இழுத்தே கொண்டுபோவார்களாம். "ஒசரமான ஆளுன்னா ஜெம்போல்தான். சனிக்கிழம பாசாருக்குச் சாமான் வாங்க வருவாரு, யார்கிட்டயும் பேச மாட்டாரு" என்றார் அக்கா. பேச மாட்டார் என்றதும் ராஜிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வெற்றிலையும் தேங்காயும் பக்கத்துக் கடையில் வாங்கினோம். பத்திரிகை மட்டும், அலமாரிக் கட்டிலிருந்து உருவிய கூடுதல் ஒன்று காரில் இருந்தது, நல்லவேளை.

இரண்டாவது ஆத்தடித் தோட்டத்தில் கார் நின்றதும் முன்பக்கமிருந்து ஆவி சீறியது. லயத்துக்கு முன்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டி. ஆறடி மனிதர் ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்து வீடு வீடாகத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். மச்சான்தான், தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க மச்சான்" என்றார் என்னிடம். தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

"நீங்கதான் சிரம்பான் சுப்பிரமணியத்தோட சம்சாரமா?" என்று ராஜி கேட்டாள். ஒருமுறை பட்டவள் அல்லவா. அவர் சிரித்துத் தலையாட்டினார்.

நாங்கள் தட்டை நீட்டினோம். மச்சான் குழாயை விடவில்லை. அவர் கண் தட்டின் ஓரத்தில் கிடந்த, பகாவ் பெயர் போட்ட துணிக்கடைப் பையில் இருந்தது.

"சிரம்பான்ல இருந்து வர்றவ பகாவ்ல வேட்டி வாங்குவியா?"

எனக்கு உடனே நாலு பொய் தோன்றியது. ராஜி வாயைத் திறந்தாள், நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். திரியாங் ஆறு, ரஃபீக், பார்வதி, காலில் விழுந்தது எல்லாம்.

"அப்ப முதத் தட்டு எனக்கு இல்ல" என்றார் மச்சான்.

"இல்லண்ணே."

"வேற எவனோ வாங்கிக்கிட்டான்."

"உன் பேருக்காகத்தாண்ணே போச்சி. வாங்குனவங்களும் தங்கச்சி வந்துட்டான்னு நெனச்சித்தான் வாங்குனாங்க."

அவர் அடுத்த வீட்டுத் தொட்டிக்குப் போனார். அது நிரம்பியது, அதற்கடுத்ததும் நிரம்பியது. நாங்கள் வெயிலில் தட்டோடு நின்றோம். ராஜியின் கை வலித்திருக்கும், தட்டைக் கீழே வைக்க மாட்டேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இரண்டு ஆற்றைச் சுற்றி வந்தவனை இப்படி நிறுத்தி வைக்கலாமா? "போலாம் வா" என்று சொல்லிக் காரை நோக்கி நடந்தேன்.

பின்னாலேயே குழாயை இழுத்துக்கொண்டு மச்சான் வந்தார். பானெட்டைத் திறந்தார். துணி வைத்து மூடியைத் திருகி, ஆவி அடங்கும் வரை நின்றார். பிறகு நிதானமாகத் தண்ணீர் விட்டார்.

"முகூர்த்தம் எத்தன மணிக்கு?"

எஞ்சினைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பத்திரிகையில போட்டிருக்கு மச்சான்" என்றேன் நான்.

"படிச்சதெல்லாம் போதும். அவள வாயால சொல்லச் சொல்லுங்க."

ராஜி தட்டோடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "வைகாசி மாசம் கடைசி ஞாயித்துக்கிழமண்ணே. காலையில ஒம்பதுல இருந்து பத்தர. தெமியாங் மண்டபம். நீதான் வந்து மால எடுத்துக் குடுக்கணும்."

மச்சான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தன் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, தட்டிலிருந்ததை வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, ராஜியும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அண்ணி சொன்னார், நெத்திலிச் சம்பலும் ரசமும். அத்தனை ருசியாக நான் சாப்பிட்டு நாளாகிவிட்டது.

புறப்படும்போது வெயில் சாய்ந்திருந்தது. குவாலா பிலா வழியாகத் திரும்பி, புக்கிட் புத்துஸ் மலை ஏறினால் சிரம்பான். மலையை நெருங்கியதும் கண்ணாடியில் தூறல் விழுந்தது. அம்பாங்கானில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், நான் பல் தேய்க்கும்போது அதை மூடுவதே இல்லை. இன்றைக்கு என் கார் குடித்தது மட்டும் இரண்டு வீட்டுக்காரர்களின் தண்ணீர். அடுத்த வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாத எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டுத் தட்டும் தவறிப் போகாது, அப்படித் தவறினால் வாங்கிக்கொண்டு அழுவதற்கும் ஆளில்லை.

ராஜி என் போனை எடுத்தாள். பாலசுப்பிரமணியம் கொடுத்த நம்பரைத் தேடினாள்.

"எதுக்கு? அண்ணன்தான் கெடச்சாச்சே" என்றேன். எனக்கு அப்போது வேண்டியது வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேருவது ஒன்றுதான்.

"அங்க பத்திரிகைய மட்டும் குடுத்துட்டு ஓடியாந்துட்டேங்க. நாளு, நேரம்னு ஒரு வார்த்த சொல்லல."

மறுமுனையில் பார்வதியின் குரல் கேட்டது. "வைகாசி மாசம் கடைசி ஞாயித்துக்கிழமண்ணி" என்று இவள் தொடங்கினாள். ஒன்பதிலிருந்து பத்தரை, தெமியாங் மண்டபம், எல்லாம் சொன்னாள்.

"இருங்கம்மா, அவருகிட்ட குடுக்குறேன்" என்றார் பார்வதி. "அவருகிட்டயும் ஒரு தடவ சொல்லிருங்க."